முட்டை, மீன் இல்லாமல் மொயின் மொயின் வருமா?

12 அக்டோபர் 2024

நேரே விஷயத்துக்கு வருகிறேன். முட்டை, மீன், க்ரேஃபிஷ் (உலர்ந்த பொடி இறால்) எதுவும் போடாமல் மொயின் மொயின் செய்து, அதை நைஜீரியாவின் யொரூபாக்காரர் ஒருவர் தின்று "பரவாயில்லையே" என்று சொல்லக் கேட்டவர்கள் இங்கே யாராவது உண்டா?

தெரியாதவர்களுக்காக: தோல் நீக்கிய காராமணியைச் சிவப்பு மிளகாய், வெங்காயத்தோடு அரைத்து, எண்ணெய் கலந்து, இலையில் பொட்டலம் கட்டி ஆவியில் வேகவைப்பதுதான் மொயின் மொயின். தென்மேற்கு நைஜீரியாவில் கல்யாணம், பிறந்தநாள், சும்மா ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றுக்கும் உண்டு. உள்ளே அவித்த முட்டை, கானாங்கெளுத்தித் துண்டு, டின்னில் வரும் மாட்டிறைச்சி என்று எதையாவது புதைத்து வைப்பார்கள். ஏழு வகை புதைத்தால் அதற்கு 'எலெமி மேஜே' என்று பெயர், அதாவது ஏழு உயிர் உள்ளது. என் பிரச்சினை என்ன என்று அந்தப் பெயரே சொல்லிவிடும்.

மகள் லேகோஸில் வளர்ந்தவள். படிக்கப் போன ஊரில் இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். டிசம்பரில் வருகிறாள். வந்ததும் பக்கத்து வீட்டு மம்மி செய்யும் மொயின் மொயின் வேண்டுமாம், ஆனால் "எதுவும் இல்லாமல்". மம்மிக்கு எழுபது வயதிருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை. விஷயத்தைச் சொன்னதும், "அஹ்-அஹ்! அப்புறம் அதில் என்ன இருக்கும்? பயறும் காற்றுமா?" என்றார்.

எனக்கென்னவோ, வாரம் தவறாமல் இட்லி அவிக்கிறவனுக்கு இது ஒரு வேலையே இல்லை என்று தோன்றுகிறது. நம்மூர்ப் பயறுதானே.

19 அக்டோபர்

மேலே உள்ள கடைசி இரண்டு வாக்கியங்களையும் வாபஸ் வாங்குகிறேன். முதலில் இட்லிக் கதை.

வெள்ளிக்கிழமை இரவு பயறை ஊறப்போட்டு, தோலைக் கழுவி, ஊரிலிருந்து சுமந்து வந்த டேபிள்டாப் கிரைண்டரில் பொங்கப் பொங்க அரைத்தேன். மாவு பஞ்சு மாதிரி வந்தது. அதைப் பார்த்த பெருமையில், காலை வரை இருக்கட்டும், இன்னும் நன்றாக வரும் என்று மூடி வைத்தேன். லேகோஸ் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் காலையில் மூடியே நகர்ந்திருந்தது. வாசனை பிடிக்கவில்லை என்றாலும் விடவில்லை. அவித்துப் பார்த்தால் ஓட்டை ஓட்டையாக, புளிப்பாக, ஸ்பாஞ்சு மாதிரி ஒரு பண்டம். மம்மி ஒரு விள்ளல் எடுத்து முகர்ந்தார். வாயில் வைக்கவில்லை. "இது எப்போது கெட்டுப்போனது?" என்று மட்டும் கேட்டார்.

மொயின் மொயின் மாவு புளிக்கவே கூடாது. அரைத்த கையோடு அடுப்பில் ஏறிவிட வேண்டும். காற்று ஏற அடிப்பதெல்லாம் அக்காராவுக்கு. அதாவது இதே பயறு மாவை எண்ணெயில் பொரிக்கும் வடைக்கு. மொயின் மொயின் வழுவழுவென்று, கத்தி வைத்தால் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். கிரைண்டரை மூட்டை கட்டிவிட்டு மிக்ஸியை எடுத்தேன்.

20 அக்டோபர்

தோல் நீக்குவது பற்றி. இரவெல்லாம் ஊற வேண்டாம். கால் மணி நேரம் ஊறினால் போதும், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் தோல் கழன்று மிதக்கும், வடித்துவிடலாம். பத்துப் பன்னிரண்டு தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும். அந்தக் கறுப்புக் கண் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் மாவில் புள்ளி புள்ளியாகத் தெரியும். மம்மி வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுக்குவார்கள். உரித்த பிறகு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஊறவிட்டு அரைப்பது. உரித்துக் காயவைத்த பயறும் பையில் கிடைக்கிறது. வாங்கலாம், மம்மிக்குத் தெரியாமல்.

26 அக்டோபர்

இரண்டாவது முயற்சி. இந்த முறை வடிவம் அச்சு அசல். முட்டை இல்லாவிட்டால் இறுகாது என்று நானும் பயந்தேன், இங்கேயும் இரண்டு பேர் பயமுறுத்தினீர்கள். அப்படி ஒன்றுமில்லை. பயறின் புரதமும் மாவுச்சத்தும் சூட்டில் தாமாகவே இறுகுகின்றன. இந்த வீட்டில் முட்டை விருந்தாளி மட்டும்தான், சுவர் இல்லை.

ஆனால் ருசி? வாயில் வைத்ததும் உப்பு, காரம், அத்தோடு சரி. வாசலோடு முடிந்துபோன வீடு மாதிரி. உள்ளே போனால் கூடமும் இல்லை, அடுக்களையும் இல்லை.

யோசித்துப் பார்த்தேன். மம்மி மாவைக் கரைக்க வெறும் தண்ணீர் ஊற்றுவதில்லை, மீனோ இறைச்சியோ வேகவைத்த சாறுதான். அதற்கு மேல் இரண்டு கரண்டி க்ரேஃபிஷ் பொடி. இங்கே க்ரேஃபிஷ் என்பது புகைபோட்டு உலர்த்திய பொடி இறால், நம் சென்னாக்கூனி மாதிரி. ஏழு உயிரையும் எடுத்துவிடலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத எட்டாவது ஒன்று மாவுக்குள்ளேயே கரைந்திருக்கிறது. அதை எடுத்ததில்தான் வீடு காலியாகிவிட்டது.

27 அக்டோபர்

"நம்மூர்ப் பயறுதானே" என்று 12ஆம் தேதி எழுதியதற்கு ஒருவர் காதைத் திருகியிருக்கிறார். நியாயம். காராமணி, தட்டைப்பயறு, எந்தப் பெயரில் அழைத்தாலும் அதன் தாய்வீடு ஆப்பிரிக்காதான். கானாவில் கின்டாம்போ பண்பாட்டைச் சேர்ந்த அகழாய்வு இடங்களில் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த காராமணி கிடைத்திருக்கிறது. அங்கிருந்து கிளம்பித்தான் இந்தியாவுக்கு வந்தது. நாம் பொரியல் செய்யும் முழ நீளக் காராமணிக்காய் ஆசியாவுக்கு வந்த பிறகு உருவான வகை. இன்றைக்கும் உலகிலேயே அதிகமாக இதை விளைவிக்கும் நாடு நைஜீரியா. இபாதானில் 1967இல் தொடங்கிய பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட காராமணி வகைகளின் விதைகளைச் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

ஆக, இங்கே நான்தான் வந்தவன், பயறு இல்லை.

2 நவம்பர்

இன்று முட்டைக்கு மாற்று தேடப் போய் ஒரு கூத்து.

இங்கே சோயா பயறில் செய்து பொரித்து விற்கும் ஒன்று உண்டு. வடக்கே ஹௌசாக்காரர்கள் 'அவாரா' என்பார்கள், யொரூபாவில் 'பெஸ்கே'. நம் வார்த்தையில் சொன்னால் டோஃபு. அதை முட்டை மாதிரி வெட்டி, கறுப்பு உப்பில் புரட்டி, நடுவில் புதைக்கலாம் என்பது என் திட்டம். கறுப்பு உப்புக்கு முட்டை வாசனை உண்டே. சந்தையில் தலையில் தட்டு வைத்து வெள்ளை வெள்ளையாக விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன், கொடுத்தார், வந்தேன், வெட்டினேன், புரட்டினேன், புதைத்தேன். மம்மி உரித்துப் பார்த்தார், சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு. நான் வாங்கியது 'வாரா'. ஃபுலானிப் பெண்கள் பசும்பாலை எருக்குச் செடிச் சாறு விட்டுத் திரித்துச் செய்யும் பாலாடைக்கட்டி. ஒரு 'அ' விட்டுப்போனால் சோயா பாலாகிவிடுகிறது.

எருக்கம்பாலைக் கண்ணில் படவிடாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். சூடுபடுத்தித்தான் செய்கிறார்கள், இத்தனை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள், தெரியும். ஆனாலும் முதல் விள்ளலைக் கொஞ்சம் யோசித்துத்தான் விழுங்கினேன்.

அடுத்த வாரம் நிஜமான அவாராவே கிடைத்தாலும் இந்தக் கறுப்பு உப்பு வேலையைச் செய்யப் போவதில்லை. முட்டை வேஷம் போட்ட எதுவும் நடுவில் உட்கார்ந்து 'நான் முட்டை இல்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும்.

3 நவம்பர்

நடுவில் ஒரு சின்ன விஷயம். பயறு வாங்கும்போது வண்டு ஓட்டை இருந்தால் தள்ளிவிடுவேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். இங்கே கொஞ்சம் தலைகீழ். என்னோடு சந்தைக்கு வரும் பெண், நாலு ஓட்டை இருப்பதைத்தான் எடுப்பார். வண்டு பிழைத்திருந்தால் மருந்து அதிகம் அடிக்கவில்லை என்று கணக்கு. வீட்டுப் பூச்சிமருந்தைச் சிலர் பயறு மூட்டையில் தெளித்துவிடுவதால் வந்த பயம் இது. டைக்ளோர்வாஸ் மருந்தின் 100 மில்லி சின்னக் குப்பிகளை 2019இல் அரசு உணவு மருந்து நிர்வாகம் தடைசெய்தது. மருந்தே இல்லாமல் சேமிக்க மூன்று அடுக்குப் பைகள் வந்துவிட்டன. காற்றுப் புகாததால் வண்டு தானாகச் செத்துவிடும். ஓட்டைக் கணக்கு எவ்வளவு சரியோ, நான் எப்படியும் நாலைந்து முறை நன்றாகக் கழுவுகிறேன். உரிக்கிற சாக்கில் அது நடந்துவிடுகிறது.

9 நவம்பர்

கிடைத்துவிட்டது. பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள்: இரு.

ஆமாம், இரு. யொரூபாவில் அதுதான் பெயர். காட்டு மரம் ஒன்றின் விதையை மணிக்கணக்கில் வேகவைத்து, தோல் நீக்கி, மறுபடி வேகவைத்து, சூட்டோடு பொதிந்து இரண்டு மூன்று நாள் நொதிக்க விடுகிறார்கள். ஹௌசாவில் தவதவா, மாலியில் சும்பாலா, செனகலில் நெத்தெத்து. மேற்கு ஆப்பிரிக்கா முழுக்க ஏதாவது ஒரு பெயரில் உண்டு. ஜப்பான்காரர்களின் நத்தோவை நொதிக்கவைக்கும் அதே நுண்ணுயிர்க் குடும்பம்தான் இதிலும் வேலை செய்கிறது. செய்முறை முழுக்க இரு, இரு, இன்னும் கொஞ்சம் இரு என்பதுதான். தமிழ்ப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். "நீங்களும் அதுவும் வெளியே இரு" என்று கதவைச் சாத்தினார். வாசனை அப்படி. குளிர்பெட்டியில் மூன்று உறை போட்டு வைத்தும் மறுநாள் தயிர் அதே மணத்தோடு வந்தது.

இது கீரைக் குழம்பில் போடுவது, மொயின் மொயினில் இல்லை என்று மம்மி கண்டிப்பாகச் சொன்னார். சரி மம்மி என்று சொல்லிவிட்டு வந்து போட்டேன். நானூறு கிராம் பயறுக்கு மூன்று கரண்டி. மூன்றும் அதிகம். மொயின் மொயின் கீரைக் குழம்பு மாதிரி மணத்தது. ஆனால் முதல் விள்ளலிலேயே தெரிந்துவிட்டது, வீட்டுக்குள் கூடம் வந்துவிட்டது.

10 நவம்பர்

நேற்றைய உற்சாகத்தில் அளவைச் சொல்ல விட்டுவிட்டேன். ஒரு மேசைக்கரண்டி போதும். மண் இருக்கும், கழுவிக்கொள்ளுங்கள். செம்பனை எண்ணெயில் வெங்காயத்தோடு இரண்டு நிமிடம் வதக்கி, பிறகு மிளகாயோடு சேர்த்து அரைத்துவிடுங்கள். வதக்கினால் அந்த முரட்டு வாசனை அடங்கிவிடும், ருசி நிற்கும்.

உலர்ந்த ஷிட்டாக்கே காளான் நான்கைந்தை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரையே மாவு கரைக்க ஊற்றினேன். காளானில் உள்ள ஒன்றும் இருவில் உள்ள ஒன்றும் சேர்ந்தால் ருசி கூட்டலாகப் போகாமல் பெருக்கலாகப் போகிறது. சமையல் வேதியியல் படித்தவர்கள் க்ளூட்டமேட், குவானிலேட் என்று விளக்குவார்கள். எனக்கு நாக்கு சொன்னதே போதும்.

புகைவாசனைக்கு: தத்தாஷே என்னும் நீளமான சிவப்பு மிளகாயை அடுப்புத் தீயில் நேரடியாகச் சுட்டு, தோல் கருகியதும் அரைக்கலாம். மீன் கொண்டுவந்ததில் பாதி புகைதான் என்று இப்போது தோன்றுகிறது.

சீசனிங் க்யூப் போட்டால் போதாதா என்று கேட்டவருக்கு: போடலாம், உறையைப் படித்துவிட்டு. கோழி, இறால் சுவை என்று இருப்பதை வைத்துவிட்டு வெங்காயச் சுவை உள்ளதை எடுங்கள். இரு சேர்த்த பிறகு எனக்கு அது தேவைப்படவில்லை.

16 நவம்பர்

இலை. இதைப் பற்றி மட்டும் தனி இழை போடலாம்.

மாவை எதில் ஊற்றி அவிப்பது என்று இங்கே மூன்று கட்சி. காலி பால் டின், நைலான் பை, இலை. நைலான் என்பது இங்கே எல்லாப் பிளாஸ்டிக் பைக்கும் பொதுப் பெயர். சூட்டில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. டின் வசதி, ஆனால் சும்மா வேகவைத்த பயறு மாதிரிதான் இருக்கும்.

இலைக்கு 'எவே எரான்' என்று பெயர். கல்வாழை இலை மாதிரி அகலமாக, நீளக் காம்போடு கட்டுக் கட்டாக விற்கும். இரண்டு இலையை ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கூம்பாகச் சுருட்டி, அடியை மடித்து, ஒரு கரண்டி மாவு ஊற்றி, மேலே மடித்துச் செருக வேண்டும். கடலைப் பொட்டலம் மடிக்கத் தெரிந்தவனுக்கு இது கைவந்த கலை என்று நினைத்துத் தொடங்கினேன். கடலை ஒழுகாது, மாவு ஒழுகும். முதல் ஆறு பொட்டலம் என் காலில் இறங்கிவிட்டன. ஏழாவதை மம்மி பிடுங்கி, பேசிக்கொண்டே, பார்க்காமலே, நாலு நொடியில் மடித்து வைத்தார். வெட்டிய காம்புகளைப் பாத்திரத்தின் அடியில் பரப்பி, அதன் மேல் பொட்டலங்களை அடுக்குவது. தட்டு வேண்டாம், ஸ்டாண்டு வேண்டாம்.

வெந்த இலையின் மணம் மாவில் ஏறும். பூவரசம் இலைக் கொழுக்கட்டை தின்றவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும். மணம் வேறு, ஆனால் வேலை அதே வேலை. மீன் இல்லாத இடத்தில் இந்த மணம் இரண்டு மடங்கு உழைக்கிறது. டின்னில் அவித்ததையும் இலையில் அவித்ததையும் ஒரே மாவில் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். டின்னைத் திரும்பத் தொடவில்லை.

இதே செடியின் பழத்திலிருந்துதான் தௌமாட்டின் என்ற இனிப்புப் புரதம் எடுக்கிறார்கள், சர்க்கரையைவிட ஈராயிரம் மடங்குக்கு மேல் இனிப்பு. இதற்கும் மொயின் மொயினுக்கும் சம்பந்தம் இல்லை, சொல்லத் தோன்றியது.

இலை கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் வாழையிலையைத் தாராளமாக எடுக்கலாம். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு இந்தப் பண்டம் பிரேசிலின் பயியா வரை போயிருக்கிறது. அங்கே 'அபரா' என்று பெயர், வாழையிலையில்தான் கட்டுகிறார்கள். அதிலும் உலர் இறால் உண்டு, மகளுக்கு ஆகாது.

23 நவம்பர்

இன்று மம்மி சொன்ன ஒரு விஷயத்தில் இத்தனை வாரத்து ஆராய்ச்சியும் கொஞ்சம் ஆடிப்போய்விட்டது.

இருவும் காளானும் போட்ட மொயின் மொயினை இலையோடு கொண்டுபோய் வைத்தேன். தின்றார். இரண்டாவதையும் எடுத்தார். பிறகு மெதுவாக, "எகுரு என்று ஒன்று இருக்கிறதே, உன் பெண்ணுக்கு அதைச் செய்யலாமே" என்றார்.

எகுரு என்பது அதே உரித்த பயறு, அதே இலை, ஆனால் மிளகாயும் இல்லை, எண்ணெயும் இல்லை. வெள்ளை வெளேரென்று அவித்து எடுத்து, சூடாக உதிர்த்து, செம்பனை எண்ணெயில் வறுத்த மிளகாய்க் குழம்போடு பிசைந்து தின்பது. மீன் எப்போதுமே இதற்குள் போனதில்லை. மம்மியின் அம்மா காலத்தில் அடிக்கடி செய்வார்களாம். பழைய வழிபாட்டில் படையலிலும் வைப்பார்கள் என்பதால் தேவாலயத்துக்குப் போகும் சில வீடுகளில் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள் என்றார். சொல்லும்போது குரலையும் குறைத்துக்கொண்டார்.

"ஆறு வாரமாக ஏன் சொல்லவில்லை மம்மி?"

"நீ மொயின் மொயின்தானே கேட்டாய்?"

அப்புறம் அவரே தொடர்ந்தார். லேகோஸ் தீவில் பிரேசிலிலிருந்து திரும்பி வந்தவர்களின் வம்சத்தார் இருக்கும் பகுதியில் புனித வெள்ளிக்கு 'ஃப்ரெஜோன்' செய்வார்கள். பயறை வேகவைத்து மசித்துத் தேங்காய்ப்பாலில் காய்ச்சுவது. போர்ச்சுகீசில் பயறுக்கு ஃபெய்ஜாவ், அதிலிருந்து வந்த பெயர். பக்கத்தில் மீன் குழம்பு வைப்பார்கள், ஆனால் பயறில் ஒன்றும் கலக்காது. தெருவில் விற்கும் எவா அகோயினும் கிட்டத்தட்ட அப்படித்தான். குழையக் குழைய வேகவைத்த பயறு, கறுக்கக் காய்ச்சிய செம்பனை எண்ணெய் மிளகாய்க் குழம்பு. குழம்பில் க்ரேஃபிஷ் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் ஜப்பான் காளானையும் வட இந்தியக் கறுப்பு உப்பையும் தேடி ஓடிக்கொண்டிருந்தபோது இவையெல்லாம் இரண்டு தெரு தள்ளி வெந்துகொண்டிருந்தன.

24 நவம்பர்

இல்லை, நேற்று எழுதியது கொஞ்சம் அதிகம். இன்று எகுரு செய்தேன். நன்றாக இருந்தது. ஆனால் மகள் கேட்டது எகுரு இல்லை. சிவந்து, எண்ணெய் மினுக்க, துண்டு போட்டால் ஆடும் அந்தப் பண்டம்தான். காளான் நீரும் இருக்கட்டும்.

7 டிசம்பர்

அளவு கேட்டு நான்கு பேர் நச்சரித்துவிட்டீர்கள். இங்கே சந்தையில் 'டெரிகா' டின் கணக்கில் அளப்பார்கள், அது உங்களுக்கு உதவாது. எனக்குச் சரியாக வந்தது இது:

பயறு காய்ந்த நிலையில் இரண்டு கப், ஏறக்குறைய 400 கிராம். 'ஒலோயின்' கிடைத்தால் நல்லது. ஒயின் என்றால் தேன், லேசான இனிப்பு உண்டு. தத்தாஷே மூன்று, இல்லாவிட்டால் சிவப்புக் குடமிளகாய் இரண்டு. ரொடோ மிளகாய் ஒன்று. அது குட்டையாக இருக்கிறதே என்று இரண்டு போட்டால் பிறகு என்னைத் திட்டக் கூடாது. பெரிய வெங்காயம் ஒன்று. இரு ஒரு மேசைக்கரண்டி. செம்பனையும் சாதா எண்ணெயும் கலந்து அரை கப். இருவை வதக்கும் எண்ணெயும் இதற்குள் அடக்கம். காளான் ஊறிய வெதுவெதுப்பான நீர், அரைக்க ஊற்றுவதையும் சேர்த்து, இரண்டரை கப். உப்பு.

மாவு தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம், மோராகிவிடக் கூடாது. அதற்கு மேல் நீர்த்தால் மிளகாயும் எண்ணெயும் மாவிலிருந்து பிரிந்து, வெள்ளை தனி, சிவப்பு தனி என்று கொடி ஏற்றிவிடும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முன்பு ஒரு கலக்கு. ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம். பாத்திரத்தில் தண்ணீர் வற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் பிரித்து, வேகவில்லை என்று அலறாதீர்கள். ஆறினால்தான் இறுகும், பதினைந்து நிமிடம் விடுங்கள்.

நடுவில் வைக்க: வதக்கிய காளான் துண்டு, வேகவைத்த நிலக்கடலை. கடலை மம்மிக்கே பிடித்தது. முட்டை வேஷம் எதுவும் வேண்டாம்.

8 டிசம்பர்

உப்பு எவ்வளவு என்று கேட்காதீர்கள். மாவை நாக்கில் வைத்தால் ஒரு சிட்டிகை அதிகம் என்று தோன்ற வேண்டும், வெந்தால் சரியாகிவிடும்.

22 டிசம்பர்

வந்தாள். நேற்று காலை மம்மியும் நானுமாக முப்பது பொட்டலம் கட்டினோம். நான் கட்டியதில் நான்குதான் ஒழுகின.

மகள் முதல் விள்ளலை வாயில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மம்மியைப் பார்த்தாள். "மம்மி, இதில் மீன் இருக்கிறது." இல்லை என்று இரண்டு பேரும் சொன்னோம். நம்பவில்லை. மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே மறுபடி கேட்டாள். கடைசியில் நான் இரு டப்பாவைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு நம்பினாள். மனைவி உடனே டப்பாவை மூடச் சொன்னார்.

மம்மி மட்டும், "அடுத்த முறை இருவைக் குறை. கீரைக் குழம்பு ஞாபகம் வருகிறது" என்றார். ஒரு கரண்டிதான் போட்டேன் என்று சொன்னேன். அரை போதும் என்கிறார். 10 நவம்பர், 7 டிசம்பர் குறிப்புகளில் திருத்திக்கொள்ளுங்கள்: அரை முதல் ஒன்று.

24 டிசம்பர்

மீந்தவற்றை மகள் துண்டு போட்டு, தோசைக் கல்லில் வாட்டி, ரொட்டிக்குள் வைத்து முடித்துவிட்டாள். குளிர்ந்த தண்ணீரில் கரைத்த 'காரி'யோடு (மரவள்ளிக் கிழங்கு ரவை) தொட்டுக்கொள்ளத்தான் ஒன்று எடுத்து மறைத்து வைத்திருந்தேன், அதையும் காணோம்.

எவே எரான் ஒரு கட்டுக்கு மேல் மிஞ்சிக் கிடக்கிறது. ஹர்மட்டான் காற்று தொடங்கிவிட்டது, இரண்டு நாளில் காய்ந்துவிடும். இகெஜா பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள்.